திசை சொல்லாத தரை

கண்ணாடிக்குத் திசை கிடையாது. ஒரு சிலிக்கான் செதிலுக்குள் அணுக்கள் எந்தப் பக்கமாக வரிசை கட்டி நிற்கின்றன என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். அந்த வரிசையைக் காட்டுவதற்காகவே செதிலின் விளிம்பில் ஒரு சிறு வெட்டு போட்டிருப்பார்கள். கண்ணாடித் தகட்டில் அப்படி ஒரு வெட்டுப் போட்டால் அதற்குப் பொருளே இல்லை. அங்கே சிலிக்கானும் ஆக்சிஜனும் இருக்கின்றன; ஒவ்வோர் அணுவும் பக்கத்து அணுவோடு முறையாகவே பிணைந்திருக்கிறது. ஆனால் நாலைந்து அணு தள்ளிப் போனால் அந்த முறை கரைந்துவிடும். இப்படிப்பட்ட பொருளைப் படிகமற்ற திண்மம் என்கிறோம்.

படிகத்தின் மேல் படிகம் வளர்ப்பது ஒரு வகையில் எளிது. கீழே உள்ள அணு வரிசை, மேலே வந்து விழும் ஒவ்வோர் அணுவுக்கும் அதன் இடத்தைக் காட்டிவிடுகிறது. கண்ணாடியின் மேல் வந்து விழும் அணுக்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அங்கே கோடிக்கணக்கான நுண்படிகங்கள் தோன்றும், ஒவ்வொன்றும் தன்னிஷ்டப்படி ஒரு பக்கம் பார்த்து நிற்கும் என்றுதான் எதிர்பார்ப்போம்.

பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை என்பதுதான் இந்த அத்தியாயத்துக்கே காரணம். கண்ணாடியின் மேல் அலுமினியத்தைப் படியவைத்தால், அதன் நுண்படிகங்களில் மிகப் பல ஒரே முகத்தை மேலே காட்டிக்கொண்டு உட்காருகின்றன. துத்தநாக ஆக்சைடைப் படியவைத்தால் அதன் அறுகோணத் தூண்கள் நிமிர்ந்து நிற்கின்றன. மக்னீசியம் ஆக்சைடு தன் கனசதுரத்தின் தட்டையான பக்கத்தை வானம் பார்க்க வைக்கிறது. ஒரு படலத்தின் படிகமணிகள் இப்படிப் பொதுவான திசை ஒன்றைப் பிடித்துக்கொள்வதைத் திசையொழுங்கு என்று அழைப்போம். தரை சொல்லாத திசையை இவற்றுக்கு யார் சொன்னது?

அதற்கு முன் இரண்டு எண்களைப் பழகிக்கொள்வது நல்லது. ஒரு கனசதுரப் படிகத்தின் தட்டையான பக்கத்துக்கு 100 முகம் என்று பெயர். அதே கனசதுரத்தின் ஒரு மூலையைச் சீவினால் தெரியும் முக்கோண முகத்துக்கு 111 என்று பெயர். இந்த இரண்டும் தெரிந்தால் போதும், இந்தத் துறையில் பாதித் தூரம் வந்துவிடலாம்.

படலம் உருவாகும் விதம் இது. வெற்றிட அறை ஒன்றில் உலோகத்தைச் சூடாக்கி ஆவியாக்குவார்கள். அல்லது ஆர்கான் அயனிகளால் உலோகத் தகட்டை மோதி அணுக்களைப் பெயர்த்தெடுப்பார்கள். இரண்டாவது முறைக்கு ஸ்பட்டரிங் என்று பெயர். தொழிற்சாலைகளில் அதுவே அதிகம். பெயர்ந்த அணுக்கள் கண்ணாடியில் வந்து விழுகின்றன, சற்று நேரம் மேற்பரப்பில் அலைகின்றன, ஒன்றையொன்று சந்தித்துச் சின்னஞ்சிறு தீவுகளாகச் சேருகின்றன. இந்தத் தீவுகள்தான் படிகக் கருக்கள்.

திசையின் முதல் வாய்ப்பு இங்கேயே வந்துவிடுகிறது. சில நூறு அணுக்களே கொண்ட ஒரு தீவில் பெரும்பாலான அணுக்கள் மேற்பரப்பில்தான் இருக்கின்றன. ஆகவே எந்த முகத்தை வெளியே காட்டினால் ஆற்றல் குறைவோ அந்த முகத்தைக் காட்டித் தட்டையாக உட்காருவதே தீவுக்கு லாபம். அலுமினியம், வெள்ளி, தங்கம், செம்பு ஆகியவற்றில் அணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பது 111 முகத்தில். அதற்கு மேற்பரப்பு ஆற்றல் மிகக் குறைவு. எனவே 111 மேலே வருகிறது. மக்னீசியம் ஆக்சைடில் கணக்கு வேறு. அதன் 111 முகத்தில் முழுக்க மக்னீசியம் அயனிகள் இருக்கும், அல்லது முழுக்க ஆக்சிஜன் அயனிகள் இருக்கும். ஒரே மின்னேற்றம் கொண்டவற்றை ஒரே தளத்தில் திறந்து வைப்பது பெருஞ்செலவு. 100 முகத்தில் இரண்டும் சரிபாதி. ஆகவே அங்கே 100 மேலே வருகிறது. கண்ணாடி எதுவும் சொல்லவில்லை. தட்டையாக இருப்பது ஒன்றுதான் அது செய்த உதவி: மேல், கீழ் என்ற ஒரு அச்சையாவது தந்தது.

இந்த லாபக் கணக்கைப் போட அணுக்களுக்கு நடமாட்டம் வேண்டும். நடமாட்டம் வெப்பத்தைப் பொறுத்தது. வெறும் வெப்பநிலையை அல்ல, அந்தப் பொருளின் உருகுநிலையோடு ஒப்பிட்ட வெப்பநிலையை. அலுமினியம் 933 கெல்வினில் உருகும். அறை வெப்பநிலையான 300 கெல்வின் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. டங்ஸ்டன் உருக 3,695 கெல்வின் வேண்டும். அதற்கு நம் அறை வெப்பநிலை பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, ஒரே அறையில், ஒரே நாளில் படியவைத்தாலும் அலுமினிய அணுக்கள் சுறுசுறுப்பாக இடம் தேடும், டங்ஸ்டன் அணுக்கள் விழுந்த இடத்திலேயே உறைந்துபோகும். இந்த விகிதத்தை வைத்துப் படலங்களின் உள்ளமைப்பை மண்டலங்களாகப் பிரித்துக் காட்டியவர்கள் சோவியத் ஆய்வாளர்களான மோவ்சானும் டெம்சிஷினும், ஆண்டு 1969. 1974-இல் அமெரிக்காவின் ஜான் தார்ன்டன், ஸ்பட்டரிங் அறையின் வாயு அழுத்தத்தையும் அந்தப் படத்தில் இன்னோர் அச்சாகச் சேர்த்தார். படலம் வளர்ப்பவர்களின் சுவரில் இன்றும் அந்தப் படம் தொங்குவதைப் பார்க்கலாம்.

கருக்கள் அனைத்துமே ஒழுங்காக உட்கார்ந்துவிட்டால் கதை இங்கேயே முடிந்துவிடும். பல பொருள்களில் அவை அப்படி உட்காருவதில்லை. கருக்கள் கண்டபடி சாய்ந்தே தொடங்குகின்றன. ஆனாலும் படலம் தடித்த பிறகு மேலே பார்த்தால் ஒழுங்கு வந்திருக்கும். இதை விளக்கியவர் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த வான் டெர் டிரிஃப்ட். 1967-இல் வந்த அவருடைய கட்டுரையை இன்றைக்கும் மேற்கோள் காட்டாமல் இந்தத் துறையில் எழுத முடியாது. அவர் கையில் இருந்த பொருள் ஈய ஆக்சைடு. பிலிப்ஸ் நிறுவனம் அப்போது பிளம்பிகான் என்ற தொலைக்காட்சிக் கேமராக் குழாயைத் தயாரித்துக்கொண்டிருந்தது. ஒளியை மின்சாரமாக மாற்றும் வேலையைக் குழாயின் முகப்பில் படிந்த ஈய ஆக்சைடு அடுக்கு செய்தது. அந்த அடுக்கில் தகடு போன்ற படிகங்கள் படுத்துக் கிடக்காமல் செங்குத்தாக எழுந்து நின்றன. ஏன் என்பதுதான் அவருடைய கேள்வி.

ஒரு நிலத்தில் மூங்கில் கழிகளைக் கண்டபடி சாய்த்து, நெருக்கமாக நட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே வேகத்தில் நீளுகின்றன. நேராக நிற்பது 10 அடி வளர்ந்தால், 30 டிகிரி சாய்ந்தது தரையிலிருந்து 8.7 அடி உயரத்தில் இருக்கும். 60 டிகிரி சாய்ந்தது 5 அடியில் இருக்கும். சாய்ந்த கழியின் நுனி சிறிது நேரத்தில் பக்கத்து நேர்க்கழியின் உடம்பில் போய் முட்டி நிற்கும். நேர்க்கழி தொடர்ந்து போகும். மேலே போகப் போகக் கழிகளின் எண்ணிக்கை குறையும். மிச்சமிருப்பவை எல்லாம் ஏறத்தாழ நேராக இருக்கும். யாரும் யாரையும் நிமிர்த்தவில்லை. சாய்ந்தவை புதைந்தன, அவ்வளவுதான்.

வான் டெர் டிரிஃப்ட் இதைப் பரிணாமத் தேர்வு என்று அழைத்தார். படிகத்துக்கு ஒவ்வொரு திசையிலும் ஒவ்வொரு வளர்வேகம் உண்டு. எந்தப் படிகத்தின் அதிவேகத் திசை தற்செயலாக மேல்நோக்கி அமைந்ததோ அது ஜெயிக்கிறது. மற்றவை அதன் பக்கச்சுவரில் முட்டிப் புதைகின்றன. படலத்தைக் குறுக்கே உடைத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் இந்தப் போட்டியின் சரித்திரம் அப்படியே தெரியும்: அடியில் எண்ணற்ற சிறுமணிகள், மேலே போகப் போக அகலும் சில தூண்கள். ஆகவே அடிப்பகுதிக்கு ஒரு திசையொழுங்கும் மேற்பகுதிக்கு ஒன்றுமாக ஒரே படலத்தில் இருக்கலாம். தடிமன் சொல்லாமல் திசையொழுங்கைப் பற்றிப் பேசுவது வயது சொல்லாமல் உயரத்தைச் சொல்வதற்குச் சமம் என்பேன்.

இங்கே ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. முதற்கட்டத்தில் ஜெயிப்பது ஆற்றல் குறைந்த முகம். இரண்டாம் கட்டத்தில் ஜெயிப்பது வேகமாக வளரும் திசை. இவை ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சொல்லப்போனால் பல சமயம் எதிரெதிர். ஒரு படிகத்தின் வெளியே தெரியும் முகங்கள் மெதுவாக வளர்பவை. வேகமாக வளரும் முகங்கள் சீக்கிரமே சுருங்கி மறைந்துவிடும். 100 முகங்கள் மெதுவாக வளர்ந்தால் படிகம் கனசதுரமாக இருக்கும். அதன் மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருப்பது மூலை. எனவே மூலையை மேலே நீட்டிக்கொண்டு, அதாவது 111 திசையில் நின்ற கனசதுரம்தான் போட்டியில் முந்தும். மக்னீசியம் ஆக்சைடில் இதை நேராகவே பார்க்கலாம். ஒன்றிரண்டு நானோமீட்டர் படலத்தில் 100 மேலே பார்க்கும் அதே பொருள், பிளாஸ்மா தொலைக்காட்சித் திரைகளுக்காக ஆவியாக்கித் தடிமனாகப் படியவைத்தபோது பெரும்பாலும் 111 மேலே பார்த்தது.

வைரப் படலங்களை வளர்ப்பவர்கள் இந்தப் போட்டியின் கடிவாளத்தையே கையில் எடுத்துக்கொண்டார்கள். மீத்தேனும் ஹைட்ரஜனும் கலந்த பிளாஸ்மாவில் வைரம் வளரும்போது, மீத்தேனின் அளவையும் வெப்பநிலையையும் மாற்றினால் 100 முகத்துக்கும் 111 முகத்துக்கும் இடையிலான வேக விகிதம் மாறுகிறது. அந்த விகிதத்தை ஒரே எண்ணில் அடக்கி, எந்த எண்ணுக்கு எந்தத் திசை ஜெயிக்கும் என்று ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரிலுள்ள ஃப்ரான்ஹோஃபர் நிறுவன ஆய்வாளர்கள் 1990-களில் கணக்கிட்டுக் காட்டினார்கள். வேண்டிய திசையை முன்கூட்டியே தீர்மானித்து வைரத்தை வளர்க்க முடிந்தது.

படலம் வளர்ந்து முடிந்த பிறகும் திசை மாறலாம். சூடாக்கினால் பெரிய மணிகள் சிறிய மணிகளை விழுங்கும். யார் யாரை விழுங்குவது என்பதில் மீண்டும் ஆற்றல் கணக்கு வருகிறது. வெள்ளிப் படலம் நல்ல உதாரணம். மேற்பரப்பு ஆற்றல் மட்டும் பேசினால் 111 மணிகள் ஜெயிக்க வேண்டும். ஆனால் கீழே உள்ள அடிப்பரப்பைவிட வெள்ளி சூட்டில் அதிகம் விரியும். விரிய முடியாமல் படலம் இறுக்கப்படுகிறது. அந்த இறுக்கத்தில் 111 மணிகள் விறைப்பானவை, 100 மணிகள் நெகிழ்வானவை. ஒரே அளவு இறுக்கத்துக்கு 100 மணியில் தேங்கும் ஆற்றல் பாதிக்கும் குறைவு. மெல்லிய படலத்தில் மேற்பரப்பின் குரல் ஓங்கி 111 பெருகும். படலம் தடித்து, இறுக்கமும் கூடினால் 100 பெருகும். எம்.ஐ.டி.யின் கார்ல் தாம்சன் குழு 1990-களில் இந்த எல்லைக்கோட்டை வரைபடமாகவே போட்டது.

ஆக, கரு உட்காரும்போது ஒரு தேர்வு, வளரும்போது இன்னொன்று, சூடாகும்போது மூன்றாவது. மூன்றுக்கும் விதிகள் வேறு. ஒரு ஆய்வகத்தில் வந்த திசையொழுங்கு இன்னோர் ஆய்வகத்தில் வராமல் போவதில் வியப்பே இல்லை.

திசையொழுங்கை அளப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. வழக்கமான எக்ஸ் கதிர் அளவீட்டில், படலத்தின் மேற்பரப்புக்கு இணையாக இருக்கும் தளங்கள் மட்டுமே தெரியும். வரைபடத்தில் ஒரே ஓர் உயரமான சிகரம் வந்தால் போதும், சிலர் தங்கள் படலம் ஒற்றைப் படிகத்துக்கு இணையானது என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சிகரம் சொல்வது மேலே பார்க்கும் முகம் எது என்பதை மட்டுமே. மணிகள் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று அறிய மாதிரியை மெல்லச் சாய்த்துச் சாய்த்து அளக்க வேண்டும். பக்கவாட்டில் அவை எப்படித் திரும்பி நிற்கின்றன என்று அறிய மாதிரியைச் சுழற்றியும் அளக்க வேண்டும். அப்படி அளந்து போடும் படத்தில் வட்டவளையம் வந்தால், எல்லா மணிகளும் நிமிர்ந்து நிற்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் தன் அச்சில் வெவ்வேறாகத் திரும்பியிருக்கின்றன என்று பொருள். புள்ளிகள் வந்தால் திருப்பமும் ஒத்துப்போகிறது. கண்ணாடியின் மேல் இயல்பாக வருவது வளையம்தான். இதுவரை சொன்ன மூன்று தேர்வுகளும் மேல், கீழ் அச்சை மட்டுமே அறிந்தவை. பக்கவாட்டைப் பற்றி அவற்றுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

வளையம் போதுமா, புள்ளி வேண்டுமா? இதற்குப் பொருள் பதில் சொல்வதில்லை, வேலைதான் சொல்லும். நான் பார்த்தவரை, படலத்தில் மின்சாரமோ அதிர்வோ எந்தத் திசையில் போகிறது என்று கேட்டால் பதில் கிடைத்துவிடுகிறது.

கைபேசிகளில் அலைவரிசைகளைப் பிரித்தெடுக்கும் வடிகட்டிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றில் ஒரு வகை அலுமினியம் நைட்ரைடு படலத்தால் ஆனது. இது மின்னழுத்தம் கொடுத்தால் விரிந்து சுருங்கும் பொருள். ஒரு மைக்ரோமீட்டர் அளவிலான தடிமன் உள்ள படலம் நொடிக்கு ஏறத்தாழ 200 கோடி முறை அதிரும். ஹியூலெட் பேக்கார்டில் தொடங்கி, பிறகு அஜிலென்டில் ரிச் ரூபியும் அவருடைய குழுவினரும் வளர்த்தெடுத்த இந்த வடிகட்டிகள் 2001 வாக்கில் சந்தைக்கு வந்தன. இங்கே அதிர்வு படலத்தின் குறுக்கே, மேலும் கீழுமாக நடக்கிறது. ஆகவே அறுகோணத் தூண்கள் நிமிர்ந்து நின்றால் போதும். தம் அச்சில் எப்படித் திரும்பியிருந்தாலும் கவலையில்லை. நிமிரவைக்க அறையின் வாயு அழுத்தத்தைக் குறைப்பார்கள். அப்போது அணுக்கள் வழியில் அதிகம் மோதாமல், வேகம் குறையாமல் வந்து சேரும். வந்த இடத்தில் நகர்ந்து சரியான இடம் தேடும் தெம்பு அவற்றுக்கு இருக்கும். அழுத்தம் கூடினால் தூண்கள் படுத்துவிடும்.

ஆனால் இந்தப் பொருளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அலுமினியம் நைட்ரைடு தூணுக்குத் தலையும் காலும் உண்டு: ஒரு முனையில் அலுமினியம், மறுமுனையில் நைட்ரஜன். பாதித் தூண்கள் தலைகீழாக நின்றால், ஒரு பாதி விரியும்போது மறுபாதி சுருங்கும். மொத்தத்தில் ஒன்றும் நடக்காது. சாதாரண எக்ஸ் கதிர் அளவீடு இந்த வேறுபாட்டைக் காட்டாது. அளவீட்டில் அருமையான மதிப்பெண் வாங்கிய படலம் வடிகட்டியில் செத்துக் கிடப்பது இதனால்தான். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நனைத்தால் குட்டு வெளிப்படும்: நைட்ரஜன் முகம் வேகமாக அரிபடும், அலுமினிய முகம் தாக்குப்பிடிக்கும்.

சில்லுகளுக்குள் ஓடிய அலுமினியக் கம்பிகள் இன்னொரு கதை. எலெக்ட்ரான்களின் வெள்ளம் உலோக அணுக்களையே மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போய் ஓரிடத்தில் கம்பியை அறுத்துவிடும். 1960-களின் இறுதியில் மோட்டோரோலாவின் ஜேம்ஸ் பிளாக் இதன் ஆயுட்கணக்கைச் சூத்திரமாக்கினார். அணுக்கள் தப்பி ஓடும் பாதை மணிகளுக்கு இடையிலான எல்லைகள். 1981-இல் பெல் ஆய்வகத்தின் வைத்யாவும் சின்ஹாவும், மணிகளின் அளவும் அளவுச் சீரும் மட்டுமல்ல, 111 ஒழுங்கு எவ்வளவு வலுவானது என்பதும் கம்பியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார்கள். எல்லா மணிகளும் ஒரே முகத்தை மேலே வைத்திருந்தால், அவற்றுக்கு இடையிலான எல்லைகளும் ஓரளவு ஒழுங்காக அமைந்து ஓட்டைப் பாதைகள் குறைகின்றன. அந்த ஒழுங்கைக் கூட்ட, அடியில் மெல்லிய டைட்டேனியம் அடுக்கு ஒன்றைப் போடும் வழக்கம் வந்தது. டைட்டேனியம் தானாகவே தன் அறுகோண முகத்தை மேலே வைத்து உட்காரும். அந்த முகத்தின் அணு இடைவெளி அலுமினியத்தின் 111 முகத்தின் இடைவெளிக்கு மிக அருகில் இருக்கிறது. படிகமற்ற ஆக்சைடின் மேல் முதலில் ஒரு வழிகாட்டியை உட்காரவைத்து, பிறகு அதன் மேல் வேண்டிய பொருளை வளர்க்கும் இந்த உத்தி பின்னால் பல இடங்களில் உதவியது. 1997-இல் ஐ.பி.எம். செம்புக் கம்பிகளை அறிவித்த பிறகு அலுமினியத்தின் முக்கியத்துவம் குறைந்தது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வன்தட்டுகளின் காந்தப் படிப்பான். இரண்டு காந்த அடுக்குகளுக்கு நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டர் தடிமனில் மக்னீசியம் ஆக்சைடு. எலெக்ட்ரான்கள் அதை ஊடுருவித் தாண்டுகின்றன. ஆக்சைடும் காந்த அடுக்குகளும் 100 முகத்தை மேலே வைத்திருந்தால், ஒரு குறிப்பிட்ட வகை எலெக்ட்ரான்கள் மட்டுமே எளிதில் தாண்டும்; காந்தத் திசை மாறும்போது மின்தடை மிகப் பெரிதாக மாறும். 2001-இல் இதைக் கோட்பாட்டளவில் கணித்தார்கள். 2004-இல் ஜப்பானில் ஷின்ஜி யுவாசாவும் ஐ.பி.எம்.மில் ஸ்டூவர்ட் பார்கினும் செய்துகாட்டினார்கள். ஆலையில் செய்யும்போது ஒரு தொல்லை வந்தது. அடியில் இருக்க வேண்டிய மற்ற உலோக அடுக்குகள் 111 ஒழுங்கில் வளர்பவை. முக்கோணத் தரையின் மேல் சதுரத்தை வளர்க்க முடியாது.

இதற்குக் கிடைத்த தீர்வை எண்ணி எண்ணி ரசிக்கலாம். கோபால்ட், இரும்புக் கலவையில் போரான் சேர்த்தால் அது படிகமற்றதாகப் படியும். கீழே உள்ள 111 ஒழுங்கை அது மறந்துவிடுகிறது. திசை தெரியாத அந்தத் தரையின் மேல் மக்னீசியம் ஆக்சைடைப் படியவைத்தால், முதல் நான்கு அணு அடுக்கு வரை அதுவும் படிகமற்றுக் கிடந்து, ஐந்தாவது அடுக்கு வாக்கில் படிகமாகி, தன் இயல்புப்படி 100 முகத்தை மேலே வைக்கிறது. பிறகு மொத்தத்தையும் சூடாக்குகிறார்கள். இப்போது ஆக்சைடு ஆசிரியர் ஆகிவிடுகிறது: போரான் விலகிப்போக, மேலும் கீழும் உள்ள காந்தக் கலவை அதைப் பார்த்தே படிகமாகிறது. அனெல்வா நிறுவனத்தின் ஜயப்பிரவீராவும் யுவாசாவும் 2005-இல் வெளியிட்ட கட்டுரையில் அறை வெப்பநிலையில் 230 சதவீத மின்தடை மாற்றம் கிடைத்தது. அதற்கு முன் படிகமற்ற அலுமினிய ஆக்சைடை வைத்து எட்டிய உச்சம் 70 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. இங்கேயும் மின்சாரம் குறுக்கே போகிறது. மணிகள் ஒவ்வொன்றும் பக்கவாட்டில் வெவ்வேறாகத் திரும்பியிருப்பது எதையும் கெடுக்கவில்லை. வளையமே போதும்.

போதாத இடம் மீக்கடத்தி நாடா. 1987-இல் கண்டுபிடிக்கப்பட்ட இட்ரியம் பேரியம் செம்பு ஆக்சைடு, திரவ நைட்ரஜனின் வெப்பநிலையான 77 கெல்வினிலேயே மின்தடையின்றி மின்சாரம் கடத்தியது. உலகமே கொண்டாடிய அடுத்த ஆண்டே கசப்பான செய்தி வந்தது. ஐ.பி.எம்.மின் டைமோஸ், சௌதாரி, மன்ஹார்ட் ஆகியோர், இரண்டு படிகங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு திரும்பியிருக்கின்றனவோ அதற்கேற்ப எல்லையைத் தாண்டும் மின்சாரம் சரிவதை அளந்தார்கள். பத்து டிகிரி அளவுத் திருப்பத்திலேயே மின்சாரம் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்துவிடும். நாடாவில் மின்சாரம் நெடுக ஓட வேண்டும், லட்சக்கணக்கான எல்லைகளைத் தாண்டி. மணிகள் நிமிர்ந்தால் மட்டும் போதாது. கிலோமீட்டர் கணக்கில் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியும் நிற்க வேண்டும்.

பக்கவாட்டுத் திசையைத் தரை தரவில்லை என்றால் வெளியிலிருந்துதான் தர வேண்டும். ஹென்றி ஸ்மித்தும் டேல் ஃபிளாண்டர்ஸும் 1978-இல் எம்.ஐ.டி.யில் ஒரு வழி காட்டியிருந்தார்கள்: படிகமற்ற சிலிக்காவில் மைக்ரோமீட்டர் அளவிலான இணைக் கோடுகளைச் செதுக்கி, அந்தக் கோடுகளை ஒட்டிப் பொட்டாசியம் குளோரைடு படிகங்களைத் திரும்பி நிற்கவைத்தார்கள். அழகான பரிசோதனை, ஆனால் கிலோமீட்டர் கணக்கான நாடாவுக்கு ஒத்துவராது. உதவியது இன்னொரு வழி. 1985-இல் ஐ.பி.எம்.மில் லாக் சீ யூ, ஜேம்ஸ் ஹார்பர், ஜெரோம் கூமோ ஆகியோர் சிலிக்காவின் மேல் நையோபியம் படியும்போதே, பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஓர் அயனிக் கற்றையைப் பாய்ச்சினார்கள். மணிகள் கற்றையின் திசையைப் பார்த்துத் திரும்பி நின்றன.

1991 வாக்கில் ஜப்பானின் ஃபுஜிகுரா நிறுவனத்தில் யசுஹிரோ இஜிமா இதை மீக்கடத்தி நாடாவுக்குக் கொண்டுவந்தார். நிக்கல் கலவை நாடாவின் மேல், கற்றையின் உதவியோடு சிர்கோனியம் ஆக்சைடு அடுக்கு. வேலை செய்தது, ஆனால் ஆமை வேகம். சிர்கோனியம் ஆக்சைடில் ஒழுங்கு பரிணாமத் தேர்வு முறையில் மெல்ல மெல்லக் கூடுகிறது. அரை மைக்ரோமீட்டரோ அதற்கு மேலோ வளர்த்தால்தான் பயன். 1997-இல் ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் ஹாமண்ட் குழு படிகமற்ற சிலிக்கான் நைட்ரைடின் மேல் மக்னீசியம் ஆக்சைடை வைத்து அதே காரியத்தை வெறும் 10 நானோமீட்டரில் முடித்தது.

காரணம் நாம் ஏற்கெனவே பார்த்ததுதான். மக்னீசியம் ஆக்சைடு கருவிலேயே 100 முகத்தை மேலே வைத்துவிடுகிறது. மேல், கீழ் பிரச்சினை அங்கேயே முடிந்தது. கற்றையை 45 டிகிரி சாய்வில் பாய்ச்சினால், சரியாகத் திரும்பி நிற்கும் கருக்களில் அணு வரிசைகளுக்கு இடையே திறந்த வாய்க்கால் ஒன்று கற்றையின் திசையிலேயே அமைகிறது. அயனிகள் அதன் வழியே ஆழமாகப் போய்விடுகின்றன, மேற்பரப்புக்குச் சேதம் குறைவு. தவறாகத் திரும்பிய கருக்கள் முழு அடியையும் மேற்பரப்பிலேயே வாங்கிச் சிதைகின்றன. தேர்வு கருப்பருவத்திலேயே நடந்துவிடுவதால் தடிமன் தேவையில்லை. உற்பத்திக்கு இது தலைகீழ் மாற்றம். லாஸ் அலமோஸ் ஆய்வகம் இதை நீள நாடாக்களுக்கு விரித்தது.

அந்த நாடாவின் உள்ளே ஒரு வேடிக்கை. அடியில் இருக்கும் நிக்கல் கலவைக்குச் சொந்தமாகப் படிகமணிகள் உண்டு, கண்டபடித் திரும்பியவை. அவற்றின் தாக்கம் மேலே வராமலிருக்க, அலுமினிய ஆக்சைடும் இட்ரியம் ஆக்சைடும் படிகமற்ற அடுக்குகளாக வேண்டுமென்றே பூசப்படுகின்றன. திசை தெரியாத தரையை விலை கொடுத்து உண்டாக்கி, அதன் மேல் கற்றையால் திசை எழுதுகிறார்கள். 2021 செப்டம்பரில் எம்.ஐ.டி.யும் காமன்வெல்த் ஃப்யூஷன் நிறுவனமும் சேர்ந்து சோதித்த அணுக்கருப் பிணைவு உலைக்கான காந்தம் 20 டெஸ்லாவை எட்டியது. அதில் சுற்றப்பட்டிருந்த மீக்கடத்தி நாடாவின் நீளம் 267 கிலோமீட்டர்.

எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. ஒளி உமிழும் டையோடுகளுக்கான காலியம் நைட்ரைடை நேரடியாகக் கண்ணாடியில் வளர்க்க முடிந்தால் பெரிய திரைகளையே அப்படி வார்க்கலாம். 2011-இல் சாம்சங் ஆய்வாளர்கள் கண்ணாடியின் மேல் டைட்டேனியம் வழிகாட்டி அடுக்கைப் போட்டு, துளைகள் கொண்ட முகமூடி வழியே காலியம் நைட்ரைடு பிரமிடுகளை வளர்த்து ஒளிரவும் வைத்தார்கள். ஒவ்வொரு பிரமிடும் நல்ல படிகம், நிமிர்ந்தே நிற்கிறது, ஆனால் பக்கவாட்டில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சந்தையில் நீங்கள் வாங்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்கின் படிகம் இன்றைக்கும் பெரும்பாலும் நீலக்கல் செதிலின் மேல்தான் வளர்க்கப்படுகிறது.